அம்சவல்லி வளர்த்த காரியக்காரர்

நாகப்பட்டினத்திலிருந்து வடக்கே அரை மணி நேரம் பஸ்ஸில் போனால் செம்பியன்கரை. கடைமடை ஊர். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் வழியிலுள்ள ஊர்களையெல்லாம் நனைத்துவிட்டு, மிச்சமிருந்தால் இங்கே எட்டிப் பார்க்கும். ஆற்றில் வரத்து குறைந்தால் எதிர்ப்பக்கமிருந்து கடல் மேலேறி வாய்க்காலுக்குள் நுழைந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே தண்ணீர்தான். வயலில் பாய்ச்சி, மூன்றாம் நாள் பயிரின் நுனி கருகும்போதுதான் வித்தியாசம் தெரியும். அப்போது தெரிந்து யாருக்கு என்ன பிரயோசனம்?

அதனால் இந்த ஊரில் மடைப் பலகையைத் தூக்குவதற்கு முன் அம்சவல்லியைக் கூப்பிட வேண்டும். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்குவாள். ஒரு கை அள்ளி வாயில் விட்டு, கன்னத்துக்குள் சற்று அடக்கி வைத்திருந்து துப்புவாள். பிறகு தலையை ஆட்டினால் ஆட்டியதுதான். பஞ்சாயத்துத் தலைவரானாலும் பாசன அதிகாரியானாலும் மறுபேச்சு கிடையாது. அவளுக்கென்று ஊரில் இருந்த மரியாதை முழுவதும் அந்த நாக்கில்தான் இருந்தது. படிப்பில்லை, பதவியில்லை, பெரிய சொந்தபந்தம் இல்லை. சொன்னால் சரியாக இருக்கும் என்ற பேர் மட்டும் இருந்தது. அதை அவள் கழுத்துச் சங்கிலியைவிடப் பத்திரமாக வைத்திருந்தாள்.

அவள் அப்பா ஐயாவு பண்ணையாள். அம்சவல்லி பத்து வயதில் நடவுக்கு இறங்கினாள். அந்தக் காலத்தில் வரப்பின் மேல் பண்ணையின் காரியக்காரர் குடை பிடித்தபடி குந்தியிருப்பார். பேசமாட்டார். கண் மட்டும் உருளும். எந்தப் பெண்ணாவது இடுப்பை நிமிர்த்தினால் ஒரு செருமல். கூலி நெல்லில் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காகக் குடிசைகள் எரிந்த காலம் அது. ஐயாவு சிவப்புக் கொடி பிடித்தார், அடிபட்டார், திரும்பவும் பிடித்தார். பிறகு ஆட்சி மாறியது. குடியிருந்த மனைக்குப் பட்டா வந்தது. உதயசூரியனும் இரட்டை இலையும் மாறி மாறி வந்தன, கரைவேட்டிகள் மாறின. வரப்பில் குந்தியிருந்த ஆள் மட்டும் சீக்கிரத்தில் எழுந்திருக்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் ஊருக்கு வடக்கே பதினைந்து வேலி, அதாவது நூறு ஏக்கர் நிலத்தை இறால் கம்பெனி ஒன்று வாங்கியது. நெல் விளைந்த இடத்தில் குளம் வெட்டி, குழாய் போட்டுக் கடல் தண்ணீரை இழுத்து நிரப்பினார்கள். ஒரே வருஷத்தில் பக்கத்துக் கிணறுகள் கரித்தன. குறுவை போயிற்று. பெண்கள் திரண்டுபோய் மண்வெட்டும் இயந்திரத்தின் முன்னால் படுத்தார்கள். முதலில் படுத்தவள் அம்சவல்லி. கம்பெனி வாசலில் அப்போது காவல் வேலை பார்த்தவர் மூஸா. போலீஸ் வந்ததும் கதவைத் திறந்துவிட்டு, "அந்தப் பொம்பளதான் எல்லாத்துக்கும் காரணம்" என்று விரல் நீட்டினார். அம்சவல்லி பதினொரு நாள் திருச்சி ஜெயிலில் இருந்தாள். அந்த விரலை அவள் மறக்கவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தாலும் மறந்திருக்கமாட்டேன்.

வழக்கு நடந்தபோது அதிகாரிகள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். போகுமுன் விளையாட்டாக ஒருவர் பாட்டில்களை அவளிடம் நீட்ட, இது குளம், இது கசிவு, இது கிணறு, இது கடல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னாள். சோதனைச்சாலை ஒரு மாதம் கழித்து அதையே எழுதி அனுப்பியது. கம்பெனி மூடியது. அன்றிலிருந்துதான் மடைக்கு முன்னால் அம்சவல்லி என்ற வழக்கம் வந்தது.

கம்பெனி போனாலும் உப்பு போகவில்லை. சில வருஷம் கழித்து, நிலமில்லாதவர்களுக்கு நிலம் என்று அரசாங்கம் கொடுத்தபோது, அவளுக்கு ஒன்றரை மா, அதாவது அரை ஏக்கர், அந்த உவர் நிலத்தின் ஓரத்திலேயே கிடைத்தது. "உப்பு வெளையிற எடத்தக் குடுத்துட்டு போட்டோ புடிச்சிக்கிட்டுப் போறானுவ பாரு" என்று அவள் புருஷன் பஞ்சநதம் சிரித்தார். சிரித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். மழைத் தண்ணீரைக் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, இருவரும் நாலு வருஷம் அந்த மண்ணோடு மல்லுக்கட்டினார்கள். முதல் சம்பா கதிர் பிடித்ததைப் பார்த்த பிறகுதான் பஞ்சநதம் கண்ணை மூடினார்.

அதன்பின் வயல் வேலை இல்லாத நாட்களில் அம்சவல்லி பள்ளிவாசல் தெருவில் ரஹ்மத் பீவி வீட்டுக்கு வேலைக்குப் போனாள். பீவிக்கு முழங்கால் வலி. மகன் அஹமது கபீர் துபாயில், பெரிய ஓட்டல்களில் வைத்திருக்கும் மீன் தொட்டிகளைப் பராமரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தான். அங்கே ஊரான் மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குத் தன் வீட்டிலும் ஒன்று வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. இரண்டாயிரத்துப் பதினொன்றில் லீவில் வந்தபோது கூடத்தில் நாலடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வைத்தான். பாறை அடுக்கினான், மணல் பரப்பினான். பை பையாக உப்பு வாங்கி வந்து தண்ணீரில் கரைத்தான்.

அம்சவல்லி வாசற்படியில் துடைப்பத்தோடு நின்றுவிட்டாள்.

"என்ன தம்பி இது? உப்பா?"

"கடல் மீனுக்கா. உப்புத் தண்ணிலதான் இருக்கும்."

"நாங்க ஜெயிலுக்குப் போயி ஊர விட்டுத் தொரத்துன உப்ப, நீங்க நடுக் கூடத்துல கொண்டாந்து வச்சிருக்கீங்க. நல்லாருக்கு."

ஒரு வாரம் அவள் கூடத்தைப் பெருக்கவில்லை. பீவி திட்டவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் தவித்தார். உப்புக்கு அவளைவிடப் பயந்தவர்கள் ஊரில் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

தொட்டியில் முதலில் இரண்டு ஆரஞ்சு நிற மீன்களும், மீசை வைத்த ஒரு சிறிய சிவப்பு இறாலும் வந்தன. இறால் மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யுமாம். ஒரு மாதம் விட்டு, கடைசியாக, சென்னையிலிருந்து ஒரு பாலிதீன் பையில் அந்த மீன் வந்தது. ஒரு விரல் நீளம்தான். வெள்ளை உடம்பில் செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாக. முதுகு முட்களின் நுனியில் குட்டிக் குட்டிக் குஞ்சம். பவளப் பாறையில் வாழும் ஜாதி என்றும், பருந்து மீன் என்று பேர் என்றும் கபீர் சொன்னான். பருந்துபோல் உயரத்தில் உட்கார்ந்து இரையைப் பார்த்து விழுமாம்.

"இவன மட்டும் ஏன் தம்பி கடைசியா விட்டீங்க?" என்று படியிலிருந்தே கேட்டாள் அம்சவல்லி. கோபம் இருந்தாலும் கேள்வி கேட்காமல் அவளால் இருக்க முடியாது.

"முன்னாடியே விட்டா தொட்டி பூரா எனக்குத்தான்னுவான். பின்னாடி வர்ற சின்ன மீனையெல்லாம் வெரட்டுவான்."

"மிராசு பரம்பர போலருக்கு."

மறுநாள் காலை இறாலைக் காணோம். மீசை மட்டும் மணலில் கிடந்தது. கபீர் தலையில் கைவைத்துக்கொண்டான். இந்த மீன் சின்ன இறாலைத் தின்னும் என்று படித்திருந்தும், இது குட்டிதானே, ஒன்றும் செய்யாது என்று நம்பிவிட்டானாம்.

அம்சவல்லி படியைத் தாண்டி உள்ளே வந்தாள். தொட்டிக்கு முன்னால் குனிந்தாள். மீன் மார்புத் துடுப்புகளை ஊன்றி மேல் பாறையில் குந்தியிருந்தது. வயிறு புடைத்திருந்தது. கண்ணை மட்டும் உருட்டி அவளைப் பார்த்தது.

"எறாலத் தின்னுட்டியா?" என்றாள் அம்சவல்லி. "நாங்க ரெண்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சோம். நீ ஒரே ராத்திரில முடிச்சிட்டியே ராசா."

அன்று கூடம் பெருக்கப்பட்டது. அன்றே அதற்குக் காரியக்காரர் என்று பேரும் வைத்தாள். வேறென்ன பேர் வைப்பாள்? மற்ற மீன் நீந்தும். இது நீந்தாது. உடம்புக்குள் மிதப்பதற்கான காற்றுப் பை இல்லாததால் இதனால் அந்தரத்தில் நிற்க முடியாது என்று கபீர் விளக்கினான். ஒரு பாறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி உட்காரும், அங்கிருந்து எல்லாரையும் கண்காணிக்கும். வரப்பில் குந்திய அதே மாதிரி, அதே உருளும் கண். இவர் செருமுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"இது ஆணா பொண்ணா தம்பி?"

"எல்லாம் பொண்ணாத்தான் பொறக்குமாம்க்கா. கூட்டத்துல பெருசா, பலசாலியா ஆவுறது ஆணா மாறிடும்."

"பதவி வந்தா அப்படித்தான்" என்றாள் அவள்.

லீவு முடிவதற்குள் கபீர் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தான். அவளுக்குச் சொல்லிக் கொடுப்பது சுலபமாக இருந்தது, பாதி அவளுக்கே தெரிந்திருந்தது. வெயிலில் தொட்டித் தண்ணீர் குறைந்தபோது, "வத்துன அளவுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும், உப்புத் தண்ணி ஊத்தக்கூடாது" என்று அவன் ஆரம்பிக்க, "தண்ணி வத்தும், உப்பு வத்தாது. இதத் தெரியாமயா நாலு வருஷம் உவர் நெலத்துல கெடந்தேன்?" என்று முடித்துவிட்டாள். மீன் துள்ளி வெளியே விழும் என்பதால் மேலே வலைச்சட்டம் போட்டு மூலையில் பாதிச் செங்கல் வைத்தாள். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறாமல் இருக்க மேசை விசிறியைத் தொட்டிப் பக்கம் திருப்பினாள். "எனக்கு விசிறி வேணாமா?" என்று பீவி கேட்டதற்கு, "நீங்க கெணத்தடிக்கு எழுந்திருச்சுப் போவலாம், அது போவ முடியுமா?" என்றாள். துறைமுகத்திலிருந்து வரும் இறாலை உரித்து, மிளகு அளவுக்கு நறுக்கி, காலையும் மாலையும் இடுக்கியால் நீட்டுவாள். உலகத்தில் அவள் சந்தோஷமாக இறால் நறுக்கியது அந்த ஒரு வேலைக்குத்தான்.

வாரம் ஒருமுறை இரண்டு வாளித் தண்ணீரை எடுத்துவிட்டு, புதிதாகக் கரைத்து வைத்ததை ஊற்ற வேண்டும். எடுத்ததைக் கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும், கொல்லையில் கொட்டக் கூடாது என்பது கபீர் சொன்னது அல்ல, அவளே போட்டுக்கொண்ட சட்டம். வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கோடி வரை நடப்பாள். ஒரு சொட்டு சிந்தினாலும் காலால் மண் தள்ளி மூடுவாள்.

கபீர் துபாய் போன பிறகு பீவியும் அவளும் காரியக்காரரும்தான். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பீவி நாற்காலியிலும் அவள் தரையிலும் உட்கார்ந்து தொட்டியைப் பார்ப்பார்கள். ஊரெல்லாம் இலவச டிவியில் தொடர் பார்த்தது. இவர்களுக்கு இதுவே போதுமானதாக இருந்தது. புருஷன் போன பிறகு அவள் வாய்விட்டுப் பேசியது அந்தத் தொட்டி முன்னால்தான் என்று பீவி பின்னாளில் சொன்னார். அவள் கிட்டே போனால் அது பாறை விட்டுப் பாறை தாவி முன் கண்ணாடிக்கு வந்துவிடும். இரைக்காகத்தான். அம்சவல்லிக்கும் அது தெரியும். தெரிந்தும் பூரித்துப்போவாள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு வந்தது. அந்த வருஷத்தை டெல்டாவில் யாரும் மறக்கமாட்டார்கள். ஜூன் மாதம் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை இல்லை. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாது. சம்பாவாவது கிடைக்கட்டும் என்று கையில் கிடைத்த தண்ணீரில் ஆளாளுக்கு நாற்று விட்டார்கள். அம்சவல்லி தன் வீட்டு அடிபம்புத் தண்ணீரில் விட்டாள். அவள் தெருக்காரன் வீரையன், ஜெயிலுக்குப் போன கூட்டத்தில் அவனும் ஒருவன், பள்ளிவாசல் தெருவுக்குப் பின்னால் வாய்க்காலில் மழைத் தண்ணீர் ஒரு குட்டையாகத் தேங்கியிருந்ததை மண் அணைத்து வைத்துக்கொண்டு, வாளியால் இறைத்து நாற்றங்காலுக்கு ஊற்றினான்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் காலையில் போன கரண்ட் மாலை வரை வரவில்லை. இன்வெர்ட்டர் பத்து மணிக்கே படுத்துவிட்டது. தொட்டியில் காற்று நின்றது, சுத்திகரிக்கும் பெட்டி நின்றது. காரியக்காரர் மேல் பாறைக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினார். அம்சவல்லி ஒரு சொம்பை எடுத்துத் தொட்டித் தண்ணீரையே மொண்டு, உயரத் தூக்கித் தாரையாக விட்டுக்கொண்டே இருந்தாள், காற்றுக் கலக்கட்டும் என்று. கை மரத்தது. "கொஞ்சம் ஒக்காரேன்டி" என்று பீவி சொல்லியும் கேட்கவில்லை.

மறுநாள் தண்ணீர் நாறியது. சோதனைக் குப்பியில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தாள். மஞ்சளாக நிற்க வேண்டியது பச்சையாகிவிட்டது. நாற்றில் பச்சை கண்டால் சந்தோஷப்படுகிறவள் அந்தப் பச்சையைப் பார்த்ததும் கபீருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, வெஷம் ஏறிடுச்சு. பாதிக்கு மேல தண்ணிய உடனே மாத்துங்க. நாளைக்கும் அதே மாதிரி மாத்துங்க. டிரம்ல கரைச்சு வச்சது இருக்குல்ல?"

இருந்தது. ஆனால் வெளியே எடுக்க வேண்டியது இரண்டு வாளி இல்லை, பத்துப் பதினைந்து குடம். காரியக்காரர் பாறையிலிருந்து சரிந்து மணலில் ஒருக்களித்துக் கிடந்தார். அம்சவல்லி ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் விட்டு, வாயால் உறிஞ்சி, மறுமுனையை அடுப்படிச் சாக்கடையில் போட்டாள். தண்ணீர் தானாக ஓடியது. அவள் புதுத் தண்ணீரைத் தூக்கித் தூக்கி ஊற்றினாள். மறுநாளும் அப்படியே. உப்பை எதிர்த்துப் பதினொரு நாள் ஜெயிலில் இருந்தவளுக்கு, அந்த இரண்டு நாளும் உப்பு ஞாபகமே வரவில்லை. மீன் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் குப்பி மஞ்சளானது. காரியக்காரர் ஏறிப் பாறையில் குந்தினார். பீவியின் கையைப் பிடித்துக்கொண்டு அம்சவல்லி அழுதாள்.

அந்த வாரமே வீரையனின் நாற்றங்கால் நுனி கருகியது.

பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் ஆள் வந்து அவளைக் கூப்பிட்டான். வாய்க்கால் கரையில் இருபது பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். விஷயம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. கம்பெனி விட்டுப்போன குளங்களில் இரண்டை மூஸா குத்தகைக்கு எடுத்துக் கெண்டை வளர்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தைத் திருத்தி நிலமில்லாதவர்களுக்குப் பிரித்துத் தரவேண்டும் என்று ஊரார் மனு கொடுத்துச் சலித்திருந்தார்கள். இப்போது மூஸா களவாக இறால் விட்டிருக்கிறார், கடல் தண்ணீர் இறைக்கிறார், அதுதான் கசிந்து நாற்றைக் கொன்றது என்று பேச்சு. குளத்துக் கரையை வெட்டிவிட்டால் தண்ணீரும் மீனும் வெளியே ஓடிவிடும். மூஸாவுக்குப் பிழைப்பு முடிந்தது. எதிர்க் கரையில் அவர் லுங்கியை மடித்துக் கட்டியபடி தனியாக நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"நீ ஒரு வாய் பாத்துச் சொல்லிடுக்கா. வெட்டிடுவோம்" என்றான் வீரையன்.

அவள் மூஸாவின் குளத்தோரம் இறங்கி ஒரு கை அள்ளினாள். நல்ல தண்ணீர். சேற்று வாசனை மட்டும் இருந்தது. வாய்க்காலோடு கொஞ்சம் கீழே நடந்து அள்ளினாள். லேசாகக் கரித்தது. இன்னும் நடந்தாள். இன்னும் கரித்தது. பள்ளிவாசல் தெருக் கொல்லைகளின் பின்னால் வந்தபோது வாயிலிருந்ததைத் துப்பாமல் அப்படியே நின்றாள். கடலின் கசப்பு அதில் இல்லை. இந்த உப்பை அவளுக்குத் தெரியும். வாரா வாரம் டிரம்மில் கரைத்து, உப்பளக்கும் மீட்டர் சொல்வது சரிதானா என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிற அதே உப்பு. ஐந்தடி தள்ளி பீவி வீட்டுச் சாக்கடை வாய். அதன் விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது.

அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். வேறு யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் தலையை ஒருமுறை ஆட்டினால் போதும், அல்லது ஆட்டாமல் சும்மா இருந்தாலே போதும். அந்த விரல் நீட்டியவனுக்கு வேண்டியதுதானே என்று ஒரு கணம் நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள், அதை மறைப்பதற்கில்லை. சொன்னால் என்ன ஆகும் என்றும் நினைத்தாள். இனி எவன் அவளை மடைக்குக் கூப்பிடுவான்? உப்பு வைத்தவளே உப்புப் பார்ப்பாளா என்று சிரிப்பார்கள். தொட்டியை உடைப்பார்கள். பீவிக்கு அசிங்கம்.

வாயிலிருந்ததைத் துப்பினாள்.

"மூஸா பாய் எதுவும் செய்யல. இது நான் ஊத்துன உப்பு."

"வெளையாடாதக்கா" என்றான் வீரையன்.

"வெளையாடல. பீவிம்மா வீட்டு மீன் தொட்டித் தண்ணி. சாக்கடையில விட்டுட்டேன். அந்தக் கொழா வாயப் போயிப் பாருங்க."

யாரோ சிரித்தார்கள். யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். பிறகு எல்லாரும் பீவி வீட்டுக்குப் போனார்கள். மண்வெட்டியை வாசலில் சாத்திவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு, இருபது ஆம்பிளைகள் கூடத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார். காரியக்காரர் பாறையில் குந்தி ஒவ்வொருவராகப் பார்த்தார்.

வீரையன் வெகுநேரம் குனிந்து பார்த்தான்.

"இந்த வெரல்தண்டி மீனுக்காவா என் நாத்தக் கொன்ன?"

"சாவக் கெடந்துச்சு வீரையா" என்றாள். "என் நாத்தங்கால நீ எடுத்துக்க. பழுதில்லாம இருக்கு. தண்ணி வந்ததும் பறிச்சு நட்டுக்க."

"அப்ப ஒன் நெலம்?"

"கெடக்கட்டும்."

நாலு வருஷம் பாடுபட்டுத் திருத்திய நிலம். வீரையனுக்குத் தெரியும். சரியென்றும் சொல்லாமல் வேண்டாமென்றும் சொல்லாமல் வெளியே போனான். மற்றவர்களும் போனார்கள். தொட்டியை யாரும் தொடவில்லை.

சாயங்காலம் மூஸா வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"சும்மா இருந்திருந்தா எனக்குக் கணக்கு முடிஞ்சிருக்கும். ஏம்மா சொன்ன? அன்னிக்கி நான் ஒனக்குச் செஞ்சதுக்கு..."

"ஒங்களுக்காவச் சொல்லல பாய்" என்றாள் அம்சவல்லி. "தண்ணி அப்படி இருந்துச்சு. அதச் சொன்னேன்."

தொட்டியில் எடுக்கிற தண்ணீரை இனிமேல் கேனில் பிடித்து வைத்தால், வாரா வாரம் துறைமுகத்துக்குப் போகும் தன் மீன் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கடலிலேயே ஊற்றிவிடுவதாக மூஸா சொன்னார். அவள் தலையசைத்தாள்.

விஷயம் கேட்டுக் கபீர் துபாயிலிருந்து கூப்பிட்டான். தொட்டியை எடுத்துவிடலாமா என்று கேட்டான். போனைப் பிடுங்கிய பீவி, "அத எடுத்தா இவ எங்க போயி ஒக்காருவா?" என்று ஒரே போடாகப் போட்டு வைத்துவிட்டார்.

ஊரில் யாரும் அவளிடம் சண்டை போடவில்லை. அதுதான் தாங்கவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருநாள் நல்ல மழை பெய்து வாய்க்காலில் தண்ணீர் நகர்ந்தபோது, யாரோ ஒரு பையனை இறக்கி ருசி பார்க்கச் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டாள். அன்று காரியக்காரருக்கு இரை போட மறந்துவிட்டாள். அப்படி அவள் மறந்ததே கிடையாது.

புரட்டாசியில் மேட்டூர் திறந்தார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலை வேளையில் செம்பியன்கரைக்குத் தண்ணீர் வந்தது. தெருவே வாய்க்காலுக்கு ஓடியது. அம்சவல்லி பீவி வீட்டுத் தரையில் உட்கார்ந்து இறால் நறுக்கினாள். கத்தி சரியாக ஓடவில்லை.

வாசலில் நிழல் தட்டியது. முழங்கால் வரை சேற்றோடு வீரையன்.

"எல்லாரும் நிக்கிறாங்க. வாக்கா."

"நான் எதுக்கு? அந்தப் பையன் பாப்பானே."

"அவன் அன்னிக்கிப் பாத்தான். நல்லாருக்குன்னான். ஒருத்தனும் பலகையில கை வைக்கல." வீரையன் தொட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "தன் உப்பையே காட்டிக் குடுத்த நாக்கு இந்த ஊர்ல வேற எவங்கிட்ட இருக்கு? எழுந்திரு. பாதி நாத்து எனக்கு, பாதி ஒன் நெலத்துக்கு. தண்ணி நல்லாருந்தா இன்னிக்கே ரெண்டு எடத்துலயும் சேறடிக்கணும்."

அவள் கையைக் கழுவக்கூட இல்லை. அவன் பின்னாலேயே நடந்தாள். கரையில் ஊரே நின்றது, மூஸாவும் நின்றார். வழி விட்டார்கள். சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். கண் நிறைந்து கன்னத்தில் வழிந்து அதுவும் வாய்க்குள் போயிற்று. கரித்தது. அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. துப்பிவிட்டு, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"இருங்கடா, இன்னொரு வாய் பாத்துக்குறேன்" என்றாள்.

வீரையன் மடைப் பலகையைப் பிடித்தபடி நின்றான். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.